வார்டன் வீட்டு விருந்தாளிகள்

பள்ளி விடுமுறை தொடங்குகிற வாரத்தில் அந்த அடுக்குமாடிக் கட்டடத்து லிஃப்டில் ஆட்கள் ஏற இடம் இருக்காது. தொட்டியோடு பெரணிச் செடி ஒன்று ஏறும், அதன் பின்னால் முகம் மறைந்த ஒரு மனிதர் ஏறுவார். கள்ளிகள் அட்டைப் பெட்டியில் வரும். எல்லோரும் மூன்றாவது மாடியில் இறங்கி, மூலையில் இருக்கும் ஒரே கதவைத் தட்டுவார்கள். கதவைத் திறப்பவர் வார்டன்.

அவர் எந்த விடுதிக்கும் வார்டனாக இருந்தவர் இல்லை. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுச் செடி வளர்ப்போர் சங்கத்தில் சேர்ந்த புதிதில், வெளியூர் கிளம்பிய உறுப்பினர் ஒருவர் தன் தொட்டிகளை யாரிடம் விட்டுப் போவது என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார். என்னிடம் விடுங்கள், நான் எங்கேயும் போகிறவள் இல்லை என்று இவர் சொல்லி வைத்தார். அன்றைக்குப் பிடித்துக்கொண்டது இந்த வேலை. அடுத்த விடுமுறைக்குள் அது சங்கத்தின் எழுதாத சட்டமாகிவிட்டது. யார் ஊருக்குப் போனாலும் செடி வார்டன் வீட்டுக்குப் போகும். பட்டப்பெயரைச் சூட்டியவர் சங்கச் செயலாளரான பல் டாக்டர். அதற்குப் பிறகு வார்டனின் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லை.

செடிப் பைத்தியங்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பெற்ற பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு சினிமாவுக்குப் போய்விடுவார்கள்; தொட்டியை விட்டுப் போவதென்றால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு தொட்டியின் கழுத்திலும் ஒரு துண்டுச் சீட்டு தொங்கும். காலை வெயில் மட்டும். குழாய்த் தண்ணீர் ஆகாது. கொஞ்சம் கூச்ச சுபாவம், இடம் மாற்ற வேண்டாம். ஒரு சீட்டில், அவ்வப்போது பேசவும் என்றுகூட எழுதியிருந்தது. வார்டன் அதையும் தட்டாமல் செய்தார். சும்மா சொல்லக் கூடாது, அந்த வீட்டில் பேச்சு கேட்டதே அந்தச் செடியின் புண்ணியத்தில்தான்.

கொண்டுவந்து விடுகிறவர்கள் வாசலிலேயே நிற்பார்கள். குனிந்து செடியிடம் சமர்த்தாக இருக்கச் சொல்வார்கள், ஓர் இலையைத் தடவுவார்கள், நிமிர்ந்து வார்டனுக்கு ஒரு தலையசைப்பு. உள்ளே அடுப்பில் தேநீர் கொதித்துக்கொண்டிருக்கும். இன்னொரு நாள் சாவகாசமாக வருவதாகச் சொல்லிவிட்டு லிஃப்டுக்கு ஓடுவார்கள். திரும்பி வந்து எடுத்துப் போகும்போதும் இதே கதைதான். என்ன, இலையைப் புரட்டிப் பூச்சி இருக்கிறதா என்று பார்க்கிற வேலை கூடுதல். அந்தச் சாவகாசமான நாள் மட்டும் வரவேயில்லை.

விடுமுறை முடிந்து தொட்டிகள் எல்லாம் போன பிறகு பால்கனித் தரையில் வட்ட வட்டமாக ஈரக் கறை இருக்கும். வார்டன் அதை உடனே துடைக்க மாட்டார். அந்த நாட்களில் அவருக்கு வீடு பிடிக்காது. வானொலியைச் சத்தமாக வைத்துவிட்டுக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடப்பார்.

தனிமை ஒன்றும் அவருக்குப் புதிது இல்லை. வேலை பார்த்த காலத்திலும் பேருந்து நிலையத்தின் மாடியில் ஒரு கண்ணாடி அறைக்குள் ஒண்டியாகத்தான் உட்கார்ந்திருந்தார். ஊரில் பாதிப் பேருக்கு அவர் குரல் தெரியும், முகம் தெரியாது. அவர் சொல்லி முடித்ததும் கூட்டம் மூட்டை முடிச்சோடு ஓடும், வண்டி கிளம்பும், நடைமேடை காலியாகும். கல்யாணப் பேச்சு தட்டிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதே நின்றுபோனது. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். கூடப் பிறந்த தம்பி கடல் கடந்து போய்க் குடும்பமானான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான், சாப்பிட்டாயா அக்கா என்று கேட்பான், அவர் பதில் சொல்வதற்குள் அங்கே ஏதாவது ஒரு குழந்தை அழும்.

இதற்கு நடுவில் வார்டனுக்கும் சொந்தமாகச் செடிகள் இருந்தன என்பது சங்கத்தில் பல பேருக்கு மறந்தே போயிருந்தது. எல்லாம் பெகோனியா. பூவுக்காக இல்லாமல் இலைக்காக வளர்க்கிற வகை; ஓர் இலையைக் கிள்ளி நட்டாலே புதுச் செடி முளைத்துவிடும். அதில் ஒன்று அவரே உண்டாக்கியது. இரண்டு செடிகளின் பூக்களைச் சின்னத் தூரிகையால் சேர்த்துவைத்து, தூசி மாதிரி இருந்த விதையைத் தூவி, முளைத்த கூட்டத்தில் ஒன்றே ஒன்று தாய் தகப்பன் இருவர் ஜாடையும் இல்லாமல் வந்தது. கருஞ்சிவப்பு இலை, விளிம்பில் வெள்ளிக் கோடு. மெதுவாக வளரும் சாதி. நாலைந்து இலைகளுக்கு மேல் அது வைத்ததில்லை. பால்கனியில் வைக்காமல் படுக்கையறை ஜன்னலில் வைத்திருந்தார்.

இப்படிப் புதுச் செடி உண்டாக்குகிறவருக்கு அதற்குப் பெயர் சூட்டுகிற உரிமை உண்டு என்பது சங்கத்தின் வழக்கம். ஆண்டுக் கூட்டத்தில் பெயரை அறிவித்த பிறகுதான் மற்றவர்கள் அதில் இலை கேட்கலாம். பெயர் வைக்காத செடியில் கை வைக்கக் கூடாது. உறுப்பினர்கள் மனைவி பெயர் வைத்தார்கள், பேத்தி பெயர் வைத்தார்கள், ஒருவர் செத்துப்போன நாயின் பெயரை வைத்துவிட்டு மேடையில் கண் கலங்கினார். வார்டன் ஒவ்வொரு வருஷமும் அடுத்த முறை பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டார். எவ்வளவு யோசித்தும் பெயர் வைக்க அவருக்கு ஆள் கிடைக்கவில்லை. தன் பெயரையே வைத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது. அதனால் உலகத்திலேயே அந்தச் செடி அந்த ஒரு தொட்டியில் மட்டும் இருந்தது.

கை வைக்கக் கூடாது என்று சட்டம் இருந்ததே தவிர, இலை கிள்ளாத உறுப்பினர் அந்தச் சங்கத்தில் கிடையாது. யார் வீட்டுக்குப் போனாலும் பேச்சுவாக்கில் ஓர் இலை சட்டைப்பைக்குள் போய்விடும். இதில் கைதேர்ந்தவர் தையல்காரர். கூட்டத்தில் வாயைத் திறக்கமாட்டார், கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார், அவருடைய சட்டைப்பை மட்டும் எப்போதும் ஈரமாக இருக்கும். எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை. கேட்டால் தன் பையையும் காட்ட வேண்டியிருக்கும்.

ஒரு நாள் வயிற்று வலி என்று போன வார்டனுக்குப் பித்தப்பையில் கல் என்றார்கள். அறுத்து எடுத்துவிட்டால் சரியாகிவிடும், சின்ன விஷயம் என்றார்கள். மருத்துவமனை அடுத்த தெருவில்தான். வார்டனுக்கு அறுவைச் சிகிச்சை பற்றிப் பயம் இல்லை. அவர் இல்லாதபோது செடிகளை, முக்கியமாக ஜன்னல் செடியை, யார் பார்ப்பார்கள் என்பதுதான் அவரை அரித்தது. ஊர்ச் செடிகளுக்கெல்லாம் அவர் இருந்தார். அவருடைய செடிகளுக்கு யார் என்று யோசித்தால் ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. கேட்டு, யாராவது முடியாது என்று சொல்லிவிட்டால் அதைத் தாங்க முடியாது என்றும் தோன்றியது. கடைசியில் பல் டாக்டருக்குப் போன் செய்து, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். தண்ணீர் விடுகிற முறையையும் சொன்னார். மேல்மண்ணைத் தொட்டுப் பார்த்து ஏமாறக் கூடாது, தேங்காய் நார்த்தூள் கலந்த மண் மேலே காய்ந்திருக்கும், அடியில் சொதசொதவென்று இருக்கும். தொட்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும், கனம் இல்லாவிட்டால் மட்டும் ஊற்ற வேண்டும். டாக்டர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். வார்டன் சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, ஒரு பையோடு அடுத்த தெருவுக்கு நடந்து போனார்.

டாக்டர் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் ஒரு காரியத்தை ஒண்டியாகச் செய்ய மாட்டார்கள். அன்று மாலையே சங்கத்தின் போன் குழுவில், நம் வார்டனின் செடிகளுக்கு நாம் இருக்கிறோம், சாவி காவலாளியிடம் என்று போட்டுவிட்டார்.

சின்ன விஷயம் என்று சொன்ன அறுவையில் சீழ் பிடித்துக்கொண்டது. காய்ச்சல் இறங்கவில்லை. வார்டன் அந்தக் கட்டிலில் வாரக்கணக்கில் கிடந்தார். பக்கத்துக் கட்டிலில் இடுப்பு எலும்பு முறிந்த ஒரு பெரியம்மா. பார்வையாளர் நேரம் வந்தால் அந்த அம்மாவைச் சுற்றி ஒரு கல்யாணக் கூட்டம் சேரும். மகள், மருமகள், சம்பந்தி, மகளின் சிநேகிதி என்று உட்கார இடம் இல்லாமல் நிற்பார்கள். தினமும் ஒருவர் வார்டன் பக்கம் திரும்பி, அவருடைய கட்டிலுக்கு உரிய ஸ்டூலைக் காட்டி, எடுத்துக்கலாமா என்று கேட்பார். வார்டன் எடுத்துக்கொள்ளச் சொல்வார். சில நாட்களுக்குப் பிறகு அவர்கள் கேட்பதை விட்டுவிட்டார்கள். வந்ததும் எடுத்துக்கொண்டார்கள்.

“உங்களுக்கு யாரும்மா இருக்காங்க?” என்று அந்தப் பெரியம்மா ஒருமுறை கேட்டார்.

“சங்கம் இருக்கு” என்றார் வார்டன்.

அது பொய்யும் இல்லை. போனைத் திறந்தால் சங்கம் முழுக்க அங்கே இருந்தது. அவருடைய பால்கனியின் படங்கள், ஜன்னல் செடியின் படங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில். உங்கள் பிள்ளைகள் நலம், கவலையே வேண்டாம் என்று பூப் படங்களோடு வாசகம். முதலில் வார்டன் ஒவ்வொன்றையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு ஒரு படத்தில் தொட்டிக்கு அடியில் இருந்த தட்டு தண்ணீர் தேங்கிப் பளபளத்தது கண்ணில் பட்டது. தண்ணீர் போதும், இனி வேண்டாம் என்று மெல்ல விரலால் தட்டி அனுப்பினார். எல்லோரும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள்.

நடந்தது இதுதான். அவர்களில் ஒவ்வொருவரும் அந்த எச்சரிக்கை மற்றவர்களுக்கு என்று நினைத்தார்கள். செடிக்காரர்களின் குணமே அது. தனக்கு மட்டும்தான் தண்ணீர் ஊற்றத் தெரியும், மற்ற எல்லோரும் கொலைகாரர்கள். அந்த ஆள் எப்படி ஊற்றினாரோ, எதற்கும் நாம் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவோம் என்று ஒவ்வொருவராகக் கிளம்பி வந்தார்கள். மேல்மண்ணைத் தொட்டார்கள். காய்ந்திருந்தது. பதைபதைத்துப்போய் ஊற்றினார்கள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். காவலாளிக்கு அந்த நாட்களில் சாவி எடுத்துக் கொடுக்கவே நேரம் சரியாக இருந்தது.

பேருந்து நிறுத்தத்திலிருந்து அந்தக் கட்டடத்துக்கு வர வேண்டுமென்றால் மருத்துவமனை வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும்.

வார்டன் வீடு திரும்பியபோது கதவைத் திறந்ததுமே வாடை அடித்தது. பெகோனியாக்கள் எல்லாம் தண்டு கறுத்துக் கொழகொழத்துச் சாய்ந்திருந்தன. ஜன்னலுக்குப் போனார். வெள்ளிக் கோடு போட்ட இலைகள் கருப்புத் துணி மாதிரி தொட்டியின் விளிம்பில் ஒட்டிக் கிடந்தன. பழக்கம் விடாமல் தொட்டியைத் தூக்கிப் பார்த்தார். தையல் போட்ட வயிறு சுரீரென்றது, அவ்வளவு கனம். அப்படியே கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். இத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தும் அழுதார், ஒருவர்கூட வரவில்லை என்று நினைத்தும் அழுதார். இரண்டும் உண்மையாக இருந்ததுதான் கொடுமை.

ஒரு மாதம் கழித்துச் சங்கத்தின் கூட்டம், வழக்கம்போல நூலகத்தின் மாடி அறையில். வார்டன் மெலிந்து, சேலை தோளில் நிற்காமல், கைப்பிடியைப் பிடித்துப் படி ஏறி வந்தார். விஷயம் அதற்குள் பரவியிருந்தது. செய்தி கேட்டுத் துடித்துப்போனார்கள், பொய் சொல்லக் கூடாது. ஆனால் துடிப்பு ஐந்து நிமிஷத்தில் பிரேத பரிசோதனையாக மாறிவிட்டது. வேர் அழுகல் என்றார் ஒருவர். அழுகல் தண்ணீரால் வராது, மண் கலவையால் வருவது என்றார் இன்னொருவர். தான் ஒரே ஒரு தம்ளர்தான் ஊற்றியதாக ஒவ்வொருவரும் சத்தியம் செய்தார்கள். மிச்சத் தண்ணீர் வானத்திலிருந்து வந்திருக்க வேண்டும். வயிறு ஆறிவிட்டதா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

வார்டன் எழுந்து நின்றார். அவர் கூட்டத்தில் எழுந்து யாரும் பார்த்ததில்லை. சத்தம் தானாக அடங்கியது.

“நான் படுத்திருந்த ஆஸ்பத்திரி வாசலத் தாண்டித்தான் எல்லாரும் வந்திருக்கீங்க” என்றார். “தெனம் ஒருத்தர் எங்கட்டிலுக்குப் பக்கத்துல இருக்கற ஸ்டூலத் தூக்கிட்டுப் போவாங்க. நாளைக்கு நம்ம ஆளு யாராவது வந்தா உக்கார ஸ்டூல் வேணுமேன்னு நெனச்சுக்கிட்டே படுத்திருப்பேன்.”

பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

“உங்களுக்குச் செடிதான முக்கியம்னு நெனச்சோம், வார்டன். நானா இருந்தா அதத்தான் எதிர்பார்ப்பேன்” என்றார். அவர் மனதாரச் சொன்னது அது. அதனால்தான் அவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

வார்டன் மேசைக்குப் போய் மைக்கைக் கையில் எடுத்தார். தலையை லேசாகச் சாய்த்து, மூச்சை இழுத்துக்கொண்டார். பேருந்து நிலையத்தில் அத்தனை வருஷம் ஒலித்த குரல் அந்தச் சின்ன அறையில் கணீரென்று வந்தது.

“உறுப்பினர்களின் கனிவான கவனத்திற்கு. மூன்றாவது மாடி விடுதி இன்று முதல் மூடப்படுகிறது. இனி செடிகள் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டா. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை விடுதியில் தேநீர் உண்டு. செடிகள் இல்லாமல், ஆட்கள் மட்டும் வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

இரண்டு பேர் சிரித்தார்கள். வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள். எந்த அறிவிப்பையும் இரண்டு முறை சொல்வதுதான் வார்டனின் தொழில் முறை. மறுபடி ஆரம்பித்தார். ஆட்கள் மட்டும் என்ற இடத்துக்கு வந்ததும் குரல் உடைந்துவிட்டது. அதை முடிக்காமலே மைக்கை வைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துப் படி இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வார்டன் வீட்டில் ஆள் உட்கார ஒரு நாற்காலிதான் உண்டு. மற்ற ஸ்டூல்கள், முக்காலிகள் எல்லாம் தொட்டி வைக்க வாங்கியவை. அவற்றையெல்லாம் கழுவித் துடைத்துக் கூடத்தில் வரிசையாகப் போட்டார். கோப்பைகளைக் கவிழ்த்து வைத்தார். போன்தான் அடித்தது. டாக்டருக்கு நெருங்கிய உறவில் ஒரு கல்யாணம். ஒருவருக்கு மூட்டு வலி. இன்னொரு அம்மாள் உள்ளதைச் சொன்னார்: வெறுங்கையோடு வந்து என்ன பேசுவது என்று கூச்சமாக இருக்கிறதாம். வெயில் சாய்ந்தது. கொதித்த தேநீர் ஆறி ஆடை கட்டியது. ஸ்டூல்களை எடுத்து அடுக்கிவிடலாம் என்று வார்டன் எழுந்தபோது அழைப்பு மணி அடித்தது.

தையல்காரர் நின்றிருந்தார். இரண்டு கையும் காலி. உள்ளே வந்து, இருந்ததிலேயே உயரம் குறைந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. முழங்காலில் வைத்தார், எடுத்தார், கட்டிக்கொண்டார். வார்டன் தேநீரைச் சுடவைத்துக் கொடுத்தார். வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டார் அவர். பரவாயில்லை என்றார் இவர். பிறகு நெடுநேரம் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வார்டனுக்கு அதுவே நிறைவாக இருந்தது. எதிரே ஒருவர் தேநீர் உறிஞ்சுகிற சத்தத்தை அந்த வீட்டில் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

“தப்பா நெனச்சுக்காதீங்கக்கா” என்று தையல்காரர் கோப்பையைப் பார்த்தபடி ஆரம்பித்தார். “தண்ணி ஊத்த வந்த அன்னிக்கு, அந்த ஜன்னல் செடி... பேர் வெக்காதது, தொடக் கூடாதுன்னு தெரியும். கை கேக்கல. ஒரு எல கிள்ளிட்டேன்.”

வார்டனுக்குத் திட்ட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. எந்தச் செடிக்காரருக்கும் வாயில் முதலில் வருகிற கேள்விதான் அவருக்கும் வந்தது.

“வேர் விட்டுச்சா?”

“விட்டுடுச்சு. ஓரத்துல குட்டியா ஒரு முளை. வெள்ளிக் கோடு இப்பவே தெரியுது.”

வார்டன் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “கொண்டு வந்திருக்கலாமே” என்றார்.

“செடி இல்லாம வரணும்னு சொன்னீங்களே.” அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “அது எங்க வீட்லயே இருக்கட்டும். நீங்க வந்து பாருங்க. அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க. உங்களக் கூட்டிட்டு வரச் சொல்லி எம்பொண்டாட்டி ஒரே நச்சரிப்பு. நீங்க யாருன்னு சொன்னப்புறம் அவளுக்குத் தலகால் புரியல. கல்யாணமான புதுசுல உங்க குரலக் கேட்டுக் கேட்டுத்தான் அவ பஸ் ஏறக் கத்துக்கிட்டாளாம்.”

“எந்த பஸ்?”

“நீரேற்று நெலையம் பஸ். கடைசி ஸ்டாப்.”

“மூன்றாவது நடைமேடை” என்றார் வார்டன், யோசிக்காமலே. அந்தப் பேருந்தை நாள் தவறாமல் அனுப்பிவைத்தவர் அவர். அதன் கடைசி நிறுத்தம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வார்டன் கஞ்சி போட்ட சேலை கட்டிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனார். அண்ணாந்து தன் பழைய கண்ணாடி அறையைப் பார்த்தார், கீழே இருந்து பார்க்க அது இத்தனை சின்னதா என்று இருந்தது. மூன்றாவது நடைமேடையில் வண்டி நின்றது. ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தார். எதுவும் கொண்டுபோகவில்லை. வெறும் கைகளை மடியில் வைத்தார், பிறகு முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வண்டி கிளம்பியது.

எங்கே இறங்க வேண்டும் என்று நடத்துநர் கேட்டார்.

“நீரேற்று நிலையம்” என்றார் வார்டன். பழைய பழக்கம், குரல் தன்னால் உயர்ந்துவிட்டது. வண்டியில் இருந்த அத்தனை பேரும் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்கள்.